மூன்று மோட்டாரும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும்: கொத்து ராக்கெட் கேள்வி பதில்

மாடல் ராக்கெட்டில் ஒன்றுக்கு மேல் மோட்டார் கட்டிப் பறக்கவிடுவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும். கணக்குகள் எஸ்டெஸ் நிறுவனத்தின் 18 மி.மீ. விட்டமுள்ள கருமருந்து மோட்டாருக்குப் போட்டவை. சி6-5 என்ற பெயரில் சி என்பது மொத்த உந்தத்தின் வகுப்பு, 6 என்பது சராசரி உந்துவிசை (நியூட்டனில்), 5 என்பது எரிந்து முடிந்த பின் பாராசூட்டை வெளியே தள்ளும்வரை உள்ள தாமதம் (நொடியில்). பாதுகாப்பு விதிகள் அமெரிக்காவின் தேசிய ராக்கெட்ரி சங்கத்துடையவை.

சார், ஒற்றை மோட்டார் ராக்கெட் நிறைய விட்டாச்சு. இப்போ மூன்று சி6-5 வைத்துக் கட்டுகிறேன். இக்னைட்டர்களை (மின்சாரத்தால் மோட்டாரைப் பற்றவைக்கும் சிறு கம்பிகளை) தொடரிணைப்பில் கொடுக்கலாமா?

கூடாது, பக்க இணைப்புதான். தொடரிணைப்பில் முதலில் எரிகிற இக்னைட்டரின் கம்பி அறுந்ததுமே மொத்த சர்க்யூட்டும் போய்விடும். மற்ற இரண்டும் சூடாகக்கூட நேரம் இருக்காது.

பக்க இணைப்பிலும் ஒரு பந்தயம் நடக்கிறது. 300 கிராம் ராக்கெட்டின் எடை சுமார் 3 நியூட்டன். ஒரு சி6 தன் உச்சத்தில் 14 நியூட்டன் அளவுக்குத் தள்ளும், அந்த உச்சமும் பற்றிய 0.2 நொடிக்குள் வந்துவிடும். ஆக, முதலில் பிடித்த ஒரே மோட்டார் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும், இக்னைட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் கிளிப்பும் கழன்றுவிடும். மற்ற இரண்டுக்கும் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் இந்தப் பந்தயத்தில் தோற்காமல் இருப்பதற்குத்தான்.

பட்டன் அழுத்திப் பற்றவைக்க, நாலு பென்சில் பேட்டரி போடும் கன்ட்ரோலர் வைத்திருக்கிறேன். போதாதா அண்ணா?

ஒற்றை மோட்டாருக்குப் போதும், கொத்துக்குப் போதாது. கணக்கைப் பாருங்கள். ஒரு இக்னைட்டருக்குக் குறைந்தது 2 ஆம்பியர் வேண்டும். அதன் மின்தடையை 0.7 ஓம் என்று வைத்துக்கொண்டால், மூன்று பக்க இணைப்பில் 0.23 ஓம். நாலு பென்சில் பேட்டரியின் உள்தடையும் ஒயரும் சேர்ந்தாலே 1 ஓம் தாண்டும். 6 வோல்ட்டில் மொத்தம் 5 ஆம்பியர்கூட வராது, அதையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி சீல்டு லெட் ஆசிட் பேட்டரி ஒன்று வாங்கிவிடுங்கள். அடுத்து ஒயர். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 9 மீட்டர் தள்ளி நின்றால் போக வர 18 மீட்டர் செம்பு. 24 கேஜ் மெல்லிய ஒயரில் அதுவே 1.5 ஓம், அப்போது இக்னைட்டருக்கு 2.3 ஆம்பியர்தான் போகும், பிடித்தாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும். 18 கேஜ் ஒயரில் அது 0.38 ஓம், மொத்தம் 18 ஆம்பியரை ஒட்டி வரும், ஆளுக்கு 6. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ரிலே வைத்த கன்ட்ரோலர் என்கிறார்களே, அது எதற்கு?

ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். அது இருந்தால் பேட்டரியை லாஞ்ச் பேடு (ஏவுமேடை) பக்கத்திலேயே வைத்து, ஒரு மீட்டர் தடித்த ஒயரில் கிளிப்புக்குக் கொடுக்கலாம். நீண்ட ஒயரில் ரிலேயின் காயிலுக்கான சிறு மின்னோட்டம் மட்டும் ஓடும். 30 அல்லது 40 ஆம்பியர் கார் ரிலே நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ரிலேயின் காண்டாக்ட் எப்போதாவது ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியிருந்தால் கிளிப் மாட்டும் கையருகிலேயே மோட்டார் பிடித்துவிடும். அதனால் மாட்டுவதற்கு முன் இரண்டு கிளிப்புக்கும் நடுவே ஒரு 12 வோல்ட் பல்பை வைத்துப் பாருங்கள். எரிந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். கன்ட்ரோலரை இயக்கவிடும் சேஃப்டி சாவியும் கிளிப் மாட்டுகிறவர் சட்டைப்பையில்தான் இருக்க வேண்டும்.

கன்டினியூட்டி பல்பு (சர்க்யூட் அறுபடாமல் இருக்கிறது என்று காட்டும் கன்ட்ரோலர் பல்பு) நன்றாக எரிந்தது. ஆனாலும் ஒரு மோட்டார் பிடிக்கவே இல்லை. ஏன்?

பக்க இணைப்பில் மூன்றில் ஒன்று நன்றாக இருந்தாலே பல்பு எரியும். மற்ற இரண்டும் அறுந்திருந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. மோட்டாருக்குள் சொருகும் முன்பே ஒவ்வொரு இக்னைட்டரையும் தனித்தனியாக மீட்டரில் அளந்துவிடுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். அளவு மாறுபடும் இக்னைட்டரை ஒற்றை மோட்டார் ராக்கெட்டுக்கு ஒதுக்குங்கள்.

இக்னைட்டர் சொருகுவதில் ஏதாவது நுணுக்கம் இருக்கிறதா?

இருக்கிறது. கொத்து சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

மோட்டாரின் பின்பக்கத் துளையான நாசிலுக்குள் களிமண் துகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். இக்னைட்டரின் நுனி கருமருந்தைத் தொட வேண்டும்; ஒரு மி.மீ. இடைவெளிகூடச் சந்தேகம்தான். இரண்டு கால்களும் நாசிலுக்குள் ஒன்றையொன்று தொடாமல் பிளாஸ்டிக் ப்ளக்கை அழுத்தி ஏற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள். கால்களை வளைக்கும்போது நுனி மேலே நகர்ந்துவிடும், அதனால் ப்ளக்கை விரலால் பிடித்துக்கொண்டு வளைக்க வேண்டும்.

இணைக்க ஒரு ஜோடி கிளிப்பிலிருந்து மூன்று ஜோடி சின்ன கிளிப் பிரியும் ஒயர் ஒன்று செய்துகொள்ளுங்கள். பற்களை ஒவ்வொரு தடவையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், கரி படிந்தால் அதுவே ஒரு தடை. கிளிப்புகள் பக்கத்துக் காலைத் தொட்டுவிடாமல் நடுவே டேப் வையுங்கள். பலர் மறப்பது லாஞ்ச் பேடில் தீயைத் தடுக்க, கீழே இருக்கும் இரும்புத் தகட்டை. இரண்டு கிளிப் அதில் பட்டாலே ஷார்ட். தகட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ஒயரின் பாரம் இக்னைட்டரை இழுக்காதபடி லாஞ்ச் ராடில் (ராக்கெட் கிளம்பும்போது நேராக வழிநடத்தும் கம்பியில்) கட்டித் தொங்கவிடுங்கள்.

மூன்று எதற்கு, இரண்டு போதுமே? ஒன்று பிடிக்காவிட்டால் என்ன ஆகும்?

18 மி.மீ. மோட்டார் குழாயின் வெளிவிட்டம் 18.7 மி.மீ. இரண்டு வைத்தால் ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 9.35 மி.மீ. தள்ளி நிற்கும். ஒன்று பிடிக்காவிட்டால் முழு உந்துவிசையும் அந்த அளவு ஓரமாகத் தள்ளும். முக்கோணமாக மூன்று வைத்து ஒன்று பிடிக்காவிட்டால், மிச்ச இரண்டின் கூட்டு விசை 5.4 மி.மீ. மட்டுமே விலகும், உந்துவிசையும் இரு மடங்கு. ராக்கெட் சீக்கிரம் வேகம் பிடிப்பதால் துடுப்புகளும் வேலை செய்யத் தொடங்கிவிடும். முதல் கொத்துக்கு மூன்றுதான் என் சிபாரிசு. மூன்று குழாய்களும் பிடி-60 என்ற அளவு உடற்குழாய்க்குள் கச்சிதமாக அமரும்.

லாஞ்ச் ராடு 3 மி.மீ. வேண்டாம், வளைந்து ஆடும். 5 அல்லது 6 மி.மீ. தடிமனில் ஒன்றேகால் மீட்டராவது நீளம் வேண்டும்.

ஒன்றில் மட்டும் சி6-5, மற்ற இரண்டில் சி6-0 போட்டால் என்ன?

வேண்டாம். பூஜ்ஜியம் என்றால் தாமதமே இல்லை. கருமருந்து தீர்ந்ததும் தீ முன்பக்கமாகப் பாயும். ராக்கெட் முழு வேகத்தில் போகும்போதே பாராசூட் வெளியே வந்து கிழியும். மூன்றுக்கும் ஒரே தாமதம் வையுங்கள். கனமான ராக்கெட்டுக்கு சி6-3.

குழாய்களுக்கு நடுவே இருக்கும் சந்துகளைப் பசை தோய்த்த காகிதத்தால் முழுசாக அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாராசூட்டைத் தள்ள வேண்டிய வாயு அந்த வழியே பின்னால் ஓடிவிடும். பிடிக்காத மோட்டார் பின்பக்கம் கழன்று விழாதபடி ஒவ்வொன்றுக்கும் தனி ஹூக் வேண்டும்.

காம்போசிட் மோட்டாரில் (கருமருந்துக்குப் பதில் ரப்பர் போன்ற கலவை எரிபொருள் வைத்ததில்) கொத்து கட்டலாமா?

அனுபவம் வந்த பிறகு. கருமருந்து பொறி பட்டதும் பிடிக்கும். காம்போசிட் அழுத்தம் ஏறும்வரை யோசிக்கும், அந்த யோசனையும் மோட்டாருக்கு மோட்டார் மாறும். இரண்டையும் ஒரே கொத்தில் கலந்து தரையில் பற்றவைத்தால் கருமருந்து எப்போதும் முந்திவிடும்.

குறைந்த மின்னோட்டத்திலேயே எரியும் இக்னைட்டர் கொத்துக்கு நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் கன்டினியூட்டி பல்பு இழுக்கும் மின்னோட்டமே அதைப் பற்றவைத்துவிடலாம். பல்புக்குப் பதில் எல்.இ.டி. வைத்த கன்ட்ரோலர் இருந்தால் மட்டும் தொடுங்கள். இரண்டு வகை இக்னைட்டரை ஒரே கொத்தில் கலக்காதீர்கள்.

மோட்டாரை வீட்டிலேயே செய்தால் செலவு குறையுமே?

வேண்டவே வேண்டாம். சங்கத்தின் விதிப்படி சான்று பெற்ற, கடையில் விற்கும் மோட்டார் மட்டுமே.

எவ்வளவு தூரம் நிற்க வேண்டும்? பட்டன் அழுத்தியும் ஒன்றும் ஆகாவிட்டால்?

டி வகுப்பு வரை 15 அடி, அதற்கு மேல் 30 அடி. மூன்று சி சேர்ந்தால் மொத்த உந்தம் 20 நியூட்டன்-நொடியைத் தாண்டி ஈ வகுப்புக்குள் வந்துவிடும், அதனால் 30 அடி. பிடிக்காவிட்டால் சாவியை எடுத்துவிட்டு அல்லது பேட்டரியைக் கழற்றிவிட்டு 60 நொடி காத்திருந்த பிறகே யாரும் கிட்டே போகலாம். மூன்று இக்னைட்டரையும் கழற்றிப் புதிதாகப் போடுங்கள். எரியாததை மட்டும் மாற்றினால் மற்றவை பாதி கருகியிருப்பது தெரியாமல் போகும். ஒரு மோட்டார் பிடிக்காமலே பறந்து திரும்பிய ராக்கெட்டையும் உயிருள்ளதாகவே நினைத்து, நாசில் பக்கம் முகத்தைக் கொண்டுபோகாமல் எடுத்து, முதல் வேலையாக அந்த இக்னைட்டரை உருவிவிடுங்கள்.