காலையில் சிகரெட் பிடித்தால்தான் சளி வெளியே வருகிறது, நல்லதுதானே டாக்டர்?

கேள்வி: வயது 36. 14 வருடமாகத் தினமும் 10 சிகரெட். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காய்ச்சலும் சளியும் வந்தது. மனைவி 4 நாளில் எழுந்துவிட்டார், எனக்கு 3 வாரமாகியும் இருமல் விடவில்லை. காலையில் முதல் சிகரெட் பிடித்தால்தான் சளி வெளியே வருகிறது. அது நல்லதுதானே? 5 ஆகக் குறைத்தால் போதுமா?

பதில்: நல்லது இல்லைங்க. அந்தச் சளியைத் தள்ளுவது சிகரெட் இல்லை. மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க நுண்மயிர்கள் இருக்கின்றன. நாம் இழுக்கும் தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ள, இவை ஓயாமல் அசைந்து அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை பட்டால் மந்தமாகிவிடும், வருடக்கணக்கில் பட்டால் அழிந்தும் போகும். இரவில் ஏழெட்டு மணி நேரம் புகை படாததால் மிச்சமிருப்பவை கொஞ்சம் தேறி வேலையைத் தொடங்குகின்றன, காலைச் சளி அதனால்தான். அந்த நேரம் பார்த்து நீங்கள் பற்றவைத்து அவற்றை மறுபடி படுக்க வைக்கிறீர்கள்.

வழித்து வெளியே தள்ள ஆளில்லாத குழாயில் வைரஸ் நிதானமாக உள்ளே இறங்கும். தொற்றிய செல் பக்கத்துச் செல்களை உஷார்படுத்தச் சுரக்கும் இன்டர்ஃபெரானும் புகைப்பவர்களுக்கு மந்தமாகிறது. இஸ்ரேல் ராணுவத்தின் ஒரு பிரிவில் ஃப்ளூ பரவியபோது செய்து 1982இல் வெளியான ஆய்வில், புகைத்தவர்களில் 68.5 சதவீதம் பேருக்கும் புகைக்காதவர்களில் 47.2 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. எல்லோரும் இளைஞர்கள். கொரோனாவிலும் புகைப்பவர்களுக்கு நோய் முற்றும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பார்த்தோம்.

சரி, 5 போதுமா? போதாது. குறைப்பதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நுண்மயிர்கள் மீள வேண்டுமானால் முழுசாக நிறுத்த வேண்டும். இன்னொன்று, நிறுத்திய முதல் சில வாரங்களில் இருமல் கூடலாம். 'விட்டதிலிருந்துதான் மோசம்' என்று பயந்து பலர் திரும்பப் பற்றவைப்பது இங்கேதான், தயவுசெய்து அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை எல்லாம் உதவும், உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், 3 வார இருமலைப் பார்க்காமலே வைரஸ் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை. இந்த வாரமே மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சளியில் ரத்தம் தெரிந்தாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.