மோசெலில் ஒரு நாளைக்கு எத்தனை ஒயினரி?

வணக்கம். அக்டோபர் தொடக்கத்தில் நண்பர்கள் நாலு பேர் ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். மூன்று நாள். பெயர் பெற்ற ஒயினரிகளாகப் பார்த்து, நாளைக்கு ஆறு வீதம் பட்டியல் போட்டிருக்கிறோம். எங்களில் ஒருத்தி குடிக்க மாட்டாள், அவளே கார் ஓட்டுவதாக ஏற்பாடு. யாருக்கும் ஒயின் பற்றிப் பெரிதாகத் தெரியாது. திட்டம் சரிதானா?
கே.

அன்புள்ள கே.,

ஆறு வேண்டாம். இரண்டு போதும், மனசு கேட்கவில்லை என்றால் மூன்று. மூன்றாவது இடத்துக்கு மேல் நாக்கு மரத்துவிடும். அதைவிட, ஆறு இடம் என்றால் எங்கேயும் உட்கார்ந்து பேச முடியாது. நாலு நண்பர்கள் சேர்ந்து போவதே பேசத்தானே?

பட்டியலில் பெரிய பெயர் ஒன்று இருக்கட்டும். மற்றதெல்லாம் ஒரே குடும்பம் நடத்தும் சின்ன இடங்களாக இருக்கட்டும். அங்கே உங்களுக்கு ஊற்றித் தருபவரே பனிக்காலத்தில் கொடியைக் கவாத்து செய்தவராக இருப்பார். கேட்ட கேள்விக்கு மனப்பாடப் பதில் வராது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: அங்கே அதிகம் பயிராகும் ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் வெள்ளைத் திராட்சை. நீங்கள் போகும் சமயம் அறுவடை மும்முரமாக நடக்கும், வீட்டோடு எல்லோரும் சரிவில் நிற்பார்கள். சொல்லாமல் போய்க் கதவைத் தட்டாதீர்கள். இப்போதே மின்னஞ்சல் போட்டு, எத்தனை பேர், எந்த நேரம் என்று கேட்டுவிடுங்கள். மாலை நேரம் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சுவைத்துப் பார்க்கும் முன் தோட்டத்துக்குள் ஏறிப் பாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள். பிரெம் ஊருக்கு மேலே உள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 பாகை வரை செங்குத்தாக நிற்கிறது. டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சின்ன வண்டியில்தான் ஆளும் கூடையும் போக வேண்டும், பறிப்பது கையால்தான். மோசெலின் பழைய தோட்டங்களில் ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பம் உண்டு. இரண்டு கிளைகளையும் இரு பக்கமும் வளைத்து இதய வடிவில் கட்டியிருப்பார்கள். காலடியில் மண்ணைவிடப் பலகைக்கல் சில்லுகள்தான் அதிகம். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெயில் அடித்த நாளென்றால் பொழுது சாய்ந்த பிறகும் சூடு இருக்கும். இவ்வளவு வடக்கே, குளிரான இடத்தில் ரீஸ்லிங் பழுப்பதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம். அதைப் பார்த்துவிட்டுக் கோப்பையை எடுத்தால், எதைக் குடிக்கிறோம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

ஒயின் பற்றித் தெரியாதது ஒரு குறையே இல்லை. இரண்டு சொல் தெரிந்தால் சமாளிக்கலாம். 'ட்ரோக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பு மிகக் குறைவு. 'காபினெட்' என்றால் லேசானது. அதில் இனிப்பு கொஞ்சம் தங்கியிருக்கும் வகையில் ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான் இருக்கும். அந்த இனிப்பையும் புளிப்பையும் ஒன்றாக நாக்கில் வாங்கிப் பாருங்கள், மோசெலின் அருமை அங்கேதான் இருக்கிறது. அப்புறம், வாயில் வைத்துவிட்டுத் துப்பலாம். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உங்கள் திட்டத்தில் எனக்கு நெருடுவது அந்தத் தோழியை ஓட்டுநராக்கியதுதான். குடிக்காதவள் என்பதற்காக மூன்று நாளும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து போகும் அந்த ஆற்றைப் பார்க்காமல் போவது நியாயமில்லை. காரை விட்டுவிடுங்கள். புல்லாய் வரை ரயிலில் வந்தால், அங்கிருந்து டிராபன்-டிரார்பாக்குக்குக் கிளை ரயில் இருக்கிறது. அங்கே தங்கி, பக்கத்து ஊர்களுக்கு ஆற்றங்கரைப் பாதையில் நடந்தோ சைக்கிளிலோ போகலாம். தங்கள் திராட்சையிலேயே சாறு பிழிந்து விற்கும் குடும்பங்களும் அங்கே நிறைய. மின்னஞ்சலிலேயே அதையும் கேட்டுவிட்டால் தோழிக்கும் முன்னால் ஒரு கோப்பை இருக்கும்.

ஒரு மாலையை 'ஷ்ட்ராவ்ஸ்விர்ட்ஷாஃப்ட்'டுக்கு ஒதுக்குங்கள். திராட்சை விவசாயி தன் வீட்டு முற்றத்திலோ கொட்டகையிலோ தன் ஒயினையே விற்கும் இடம் அது. வருஷத்தில் நாலு மாதத்துக்கு மேல் நடத்தக்கூடாது, 40 இருக்கைக்கு மேல் போடக்கூடாது. வாசலில் துடைப்பமோ இலை வளையமோ தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். எளிய சாப்பாடும் உண்டு. முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார நேரலாம், தயங்காமல் உட்காருங்கள்.

சின்ன இடத்தில் நாலு பேருக்காக ஏழெட்டு பாட்டில் திறப்பார்கள். கிளம்பும்போது ஆளுக்கு ஒன்றாவது வாங்கிவிடுங்கள். எதை வாங்குவது என்று குழம்பினால், அவர்கள் வீட்டில் தினமும் குடிப்பது எது என்று கேட்டு அதை வாங்குங்கள்.