பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எமது வீதியில் நூறு ஆண்டு கடந்த, நடுவில் முற்றமுள்ள நாற்சார் வீடுகள் சில, 1995 இடப்பெயர்வுக்குப் பின் ஆளில்லாமல் கிடக்கின்றன. உரித்தாளர்கள் கனடாவிலும் லண்டனிலும் வாழ்கிறார்கள். ஊரிலுள்ள ஓய்வுபெற்றோரும் இளைஞருமாகக் கூடி அவற்றைத் திருத்தி, வாசிகசாலையாகவோ மாணவர் தங்குமிடமாகவோ பயன்படுத்த விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர் ஒருவர், வண்ணார்பண்ணை

பதில்: வீட்டின் உரிமைப் பத்திரமான உறுதியிலிருந்து தொடங்குங்கள். முதுசமாக வந்த வீடு மூன்று தலைமுறை கடந்ததும் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பங்காகிவிடுகிறது. அவர்களில் ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும் என்பதால், காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடிப் பங்காளிகள் அனைவரையும் அறிந்துகொள்வதே முதல் வேலை.

அவர்கள் வீட்டைப் பூட்டி வைத்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அக்கறையின்மை அன்று, அச்சம். உரித்தாளரின் அனுமதியின்றி ஒரு சொத்தைத் தனதாகவே பத்து ஆண்டுகள் எதிரிடையாக ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்வதை அவர்கள் அறிவார்கள். ஆகவே, உரித்தாளரின் அனுமதியுடனேயே வீட்டில் இருக்கிறோம், எவ்வளவு காலம் இருந்தாலும் உரிமை கோரமாட்டோம் என்று நீங்களாகவே முன்வந்து எழுதிக் கொடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் மூலம் இங்குள்ள ஒருவரைக் கையொப்பமிடச் செய்யலாம்.

ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஆளில்லாத பழைய வீடுகளைக் காக்க 2004இல் உருவான ஒரு குடிமக்கள் சங்கம் இதே வழியில்தான் வெற்றி கண்டது. வீடு உரித்தாளருக்கே சொந்தமாக இருந்தது. குடியிருந்தோர் வாடகை கொடுக்கவில்லை, நடைமுறைச் செலவுகளை ஏற்று வீட்டைப் பராமரித்தார்கள். எமது நிலைமைக்கு வீட்டை விலைக்கு வாங்குவதைவிட இந்த ஏற்பாடே பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. வாங்கவே முற்பட்டால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி ஏனைய பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

உங்கள் குழுவைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து மூளாயில் ஒரு வைத்தியசாலையையே கூட்டுறவாக நடத்திக் காட்டிய மண் இது. கையில் சேரும் முதற் பணத்தைக் கூரைக்குச் செலவிடுங்கள். நாற்சார் வீட்டில் நான்கு பக்கக் கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சரிவதால், அவை சந்திக்கும் மூலைகளில்தான் தண்ணீர் முதலில் இறங்கும். அந்த இடத்து ஓட்டைக் கழற்றிச் அதைத் தாங்கும் பனஞ்சட்டமான சிலாகையின் நுனியைத் தட்டிப் பாருங்கள்: வயிரம் பாய்ந்த பனை கணீரென்று ஒலிக்கும், உக்கியதோ விரல் அழுத்தத்திலேயே நாராகப் பிரியும். மாரிக்கு முன்னர் அந்த நான்கு மூலைகளையும் திருத்தி, மழைநீர் வடியும் பீலியையும் துப்புரவாக்கினால், மற்ற வேலைகளை ஆறுதலாகச் செய்யலாம்.

கேள்வி: உதிரும் சுவருக்குச் சீமெந்து பூசினால் போதும் என்கிறார் மேசன். சரிதானா?
– வாசகி ஒருவர், சுண்டிக்குளி

பதில்: தயவுசெய்து வேண்டாம். சுண்ணக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு கட்டிய சுவர், நிலத்திலிருந்து ஏறும் ஈரத்தைத் தன் மேற்பரப்பு வழியாகவே வெளியேற்றுகிறது. சீமெந்து அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிகமாகி, கல்லின் முகத்தைப் பொடியாக்குகிறது. சில மாரிகளுக்குப் பின் பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது, அதன் பின்புறத்தில் வெண்மாவாக ஒட்டியிருப்பது உங்கள் சுவர்தான். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் ஊறவிட்டு, மணலோடு குழைத்து, மெல்லிய படைகளாகப் பூசச் சொல்லுங்கள். ஒவ்வொரு படையும் இறுகக் காலம் எடுக்கும், அவசரப்படுத்த வேண்டாம். சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய மேசன்மார் குறைந்து வருவதால், அவர்களோடு இளைஞர் இருவரையாவது உதவிக்கு நிறுத்துவது இன்றைய கட்டாயத் தேவை.

கேள்வி: மந்திரிமனை போன்ற பழைய சின்னங்களிலும் நாங்கள் சிரமதானம் செய்யலாமா?
– வாசகர் ஒருவர், நல்லூர்

பதில்: அனுமதியின்றிக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி பெறாமல் எதையும் மாற்ற முடியாது. சுவரில் முளைத்த ஆலங்கன்றை இழுத்துப் பிடுங்கினால்கூட வேரோடு கல்லும் பெயர்ந்து வந்துவிடும். அந்தப் பட்டியலில் சேராத தெருவோர மடங்களும் சுமைதாங்கிகளும் எத்தனையோ உள்ளன. அவற்றின் பொறுப்பாளர் கோயிலா, பிரதேச சபையா என்று விசாரித்து எழுத்தில் சம்மதம் பெறுங்கள். விண்ணப்பத்தோடு படங்களையும் அளவு வரைபடத்தையும் இணைப்பது நல்லது; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பயிலும் மாணவர்களிடம் அந்த வரைபடத்துக்கு உதவி கேட்டுப் பாருங்கள்.