பாடம் வேண்டாம், படம் போதும்: குழந்தைப் புத்தகக் கேள்விகள்

மூன்று வயது மகள் படுக்கும்போது கதை கேட்கிறாள். அரக்கன் வந்தால் இரவெல்லாம் விழித்துக்கொள்கிறாள். என்ன வாசிக்கலாம்? (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

அரக்கனுக்கு ஓய்வு கொடுங்கள். 1947-இல் வெளிவந்த ‘குட்நைட் மூன்’ புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். மார்கரெட் வைஸ் பிரவுன் எழுதியது, கிளெமென்ட் ஹர்ட் வரைந்தது. நிகழ்ச்சி என்று சொல்ல அதில் எதுவுமே கிடையாது. ஒரு முயல்குட்டி படுத்துக்கொண்டு, அறையிலுள்ள பொருள்களிடம் ஒவ்வொன்றாக விடைபெறுகிறது, அவ்வளவுதான். வேலையெல்லாம் படத்தில் நடக்கிறது. வண்ணப் பக்கமும் கறுப்பு வெள்ளைப் பக்கமும் மாறி மாறி வரும். பக்கம் புரளப் புரள அறை சிறிது சிறிதாக இருட்டும். கடிகாரம் ஏழு மணியில் தொடங்கி எட்டு பத்துக்கு வந்து நிற்கும். வண்ணப் பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு சுண்டெலி வேறு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு முன்பே மகள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள். ஆங்கில வரிகள் சிறியவை. உங்கள் வீட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள், மெதுவாக.

தமிழிலேயே நல்ல படங்களோடு கிடைக்காதா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

கிடைக்கும். 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா, தமிழிலும் இருமொழியிலும் படப் புத்தகங்கள் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளையும் புத்தகக் காட்சியில் புரட்டிப் பாருங்கள். எதை வாங்கினாலும் முதலில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். கதை ஓரளவாவது புரிந்தால் வாங்கலாம். கணினியில் வெட்டி ஒட்டிய, கண்ணைப் பறிக்கும் நிறங்களில் எல்லா முகமும் ஒரே மாதிரி சிரிக்கும் மலிவுப் புத்தகங்களுக்கு என்னிடம் இரக்கமே இல்லை.

ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், தூலிகாவின் ‘கஜபதி குலபதி’. அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்தது. யானைக்குச் சளி பிடிக்கிறது. ஊரார் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். கடைசியில் ஒரு தும்மல். அந்தத் தும்மலை நீங்கள் எவ்வளவு இழுத்துத் தும்முகிறீர்களோ, அவ்வளவு முறை மறுபடியும் வாசிக்க வேண்டியிருக்கும். மணக்குள விநாயகர் கோயில் லட்சுமியிடம் தும்பிக்கையால் ஆசி வாங்கி வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு யானையை அறிமுகப்படுத்தவா வேண்டும்? லட்சுமி 2022-இல் இறந்துவிட்டாள். அவளைப் பார்க்காத பிள்ளைகளுக்கு, இந்தப் புத்தகத்தோடு சேர்த்து அவளைப் பற்றியும் சொல்லுங்கள்.

வாசித்து முடித்ததும் கதையின் நீதியைக் கேட்கலாமா? (நெல்லிக்குப்பம்)

வேண்டாம்.

பேரனுக்கு வந்த பரிசுப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. வெறும் படம். இதை எப்படி வாசிப்பது? (திருப்பாதிரிப்புலியூர்)

ஐயா, உங்களுக்குத்தான் அது வசதி. ஜெர்ரி பிங்க்னி 2009-இல் சிங்கமும் சுண்டெலியும் கதையை அப்படித்தான் செய்தார். ஆந்தையின் அலறல், எலியின் கீச்சொலி போன்ற ஓசைகளைத் தவிர எழுத்தே கிடையாது. சிறந்த படப் புத்தகத்துக்கு அமெரிக்காவில் தரும் கால்டிகாட் பதக்கம் 2010-இல் அதற்குக் கிடைத்தது. பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பேரன் முதலில் ஓரத்திலிருக்கும் பூச்சியைக் காட்டுவான். சிங்கத்துக்கு அவனாகவே வருவான். அவன் தடுமாறும் இடத்தில் மட்டும் ஒரு சொல் எடுத்துக்கொடுங்கள். இன்று ஒரு கதை சொல்வான், நாளை அதே படத்துக்கு வேறு கதை. இரண்டுமே சரி.

ஒரு புத்தகம் ஐந்நூறு ரூபாய் என்றால் எத்தனை வாங்குவது? (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

ஆண்டுக்கு இரண்டு நல்லதாக வாங்கினால் போதும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதுதான் இந்த வயதின் இயல்பு. மீதிக்கு, பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கைப்பேசியில் காட்டாமல் அச்செடுத்துத் தைத்துக்கொடுங்கள். கைப்பேசித் திரையில் இரட்டைப் பக்கப் படம் தபால்தலையாகிவிடும். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றரை வயதுப் பையன் புத்தகத்தைக் கடிக்கிறான், கிழிக்கிறான். (தேவனாம்பட்டினம், கடலூர்)

அவன் வாசிப்பே அதுதான். முனை மழுங்கிய, கெட்டி அட்டைப் புத்தகங்களைக் கொடுங்கள். ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். தாள் புத்தகத்தை உங்கள் மடியில் வைத்து, நீங்களே புரட்டுங்கள். கடலோர வீடு என்பதால் இன்னொன்று: மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய அலமாரியில் அடுக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். வெயில் வந்ததும் நிழலில் விரித்து உலர்த்துங்கள். நேர் வெயிலில் வைத்தால் வண்ணம் வெளுத்துவிடும்.