பிடியரிசிக் கலயம்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

அறுப்பின் பண்டிகையைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதையொட்டி, வெகுநாட்களாக மனத்தில் கிடக்கும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். கர்த்தர் செய்த நன்மைகளை அன்றாடம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். இந்தப் புத்தாண்டில் ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வோர் இரவும் அன்று கிடைத்த ஆசீர்வாதங்களை எழுதத் தொடங்கினேன். பத்து நாட்களுக்குள் சுகம், உணவு, பிள்ளைகள், பாதுகாப்பு என்ற அதே நான்கு சொற்களையே எழுதிக்கொண்டிருந்தேன். ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தையும் முயன்றேன். நாவு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்க, மனமோ கேஸ் சிலிண்டர் என்றைக்குத் தீரும் என்று கணக்குப் போட்டது. இதற்கிடையில் என் கணவருக்கு வேலை போயிற்று. ஆலயத்தில் சாட்சி நேரத்தில் மற்றவர்கள் வீடு கட்டியதையும் விசா கிடைத்ததையும் சொல்லும்போது எனக்குப் பொறாமை வருவதில்லை. சொல்வதற்கு நம்மிடம் ஒன்றுமில்லையே என்ற கூச்சம்தான் வருகிறது. அடுத்த மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நன்றி சாட்சி சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். (நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, ஐயா. பக்கத்து வீட்டு அக்கா மூன்று மாதமாக வாரம் இருமுறை தூக்குச்சட்டியில் இட்லி மாவு கொடுத்தனுப்புகிறார்கள். அவர்கள் நம் மார்க்கத்தார் அல்ல. இதையெல்லாம் சாட்சியாகச் சொல்ல முடியாதல்லவா?) நன்றியே சுரக்காத மனத்தை எப்படிப் பழக்குவது?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

மனத்தை எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மனத்தைப் பழக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வருகிறது. கையைப் பழக்கலாம் என்பதை மட்டும் என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன். அதற்கு வருமுன், நாம் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்லும் 103ஆம் சங்கீதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

“என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே” என்ற வசனத்தில் ‘ஸ்தோத்திரி’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெய மூலத்தில் இருப்பது ‘பாரக்’ என்னும் வினைச்சொல். ஆபிரகாமைத் தேவன் ஆசீர்வதித்தார் என்று சொல்லும் இடத்திலும் அதே சொல்தான் வருகிறது. மேலிருந்து கீழே வருவதை ஆசீர்வாதம் என்றும், கீழிருந்து மேலே போவதை ஸ்தோத்திரம் என்றும் நம் வேதப்புத்தகம் இரண்டு சொற்களாகப் பிரித்துக்கொண்டது. தமிழில் மனிதன் தேவனை ஆசீர்வதித்தான் என்றால் காதுக்கு ஒவ்வாது, ஆகவே மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரிவினால் நமக்கு ஒரு நட்டம் உண்டு. ஆசீர்வாதம் என்பது வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாகிவிட்டது. ஸ்தோத்திரம் அதற்கு எழுதிக் கொடுக்கும் ரசீதாகிவிட்டது. உங்கள் நோட்டுப் புத்தகம் பத்தே நாட்களில் வறண்டுபோனதற்கு உங்கள் மனத்தின் வறட்சி காரணம் என்று நான் நினைக்கவில்லை. வரவுகளை மட்டும் எழுதும் எந்தக் கணக்கும் சலித்துப்போகும்.

அந்தச் சங்கீதம் உபகாரங்கள் என்று எவற்றை எண்ணுகிறது என்றும் பாருங்கள். அக்கிரமங்களை மன்னிப்பது, நோய்களைக் குணமாக்குவது, பிராணனை அழிவுக்கு விலக்கி மீட்பது, கிருபையினாலும் இரக்கங்களினாலும் முடிசூட்டுவது, நன்மையினால் வாயைத் திருப்தியாக்குவது. சாட்சி நேரத்தில் கேட்கும் பட்டியலோடு இது அதிகம் பொருந்துவதில்லை. வீடு கட்டியதற்கு நன்றி சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உபாகமம் 8ஆம் அதிகாரத்தில், ஜனங்கள் கர்த்தரை எப்போது மறந்துபோவார்கள் என்று மோசே அஞ்சுகிறானோ, அந்தச் சமயம் அவர்கள் புசித்துத் திருப்தியாகி, நல்ல வீடுகளைக் கட்டி, அவற்றில் குடியிருக்கும் சமயமாகவே இருக்கிறது. யூதர்கள் இன்றும் அந்த அதிகாரத்தின் பத்தாம் வசனத்தை ஒட்டிச் சாப்பாட்டுக்குப் பின்பு நீண்டதொரு நன்றி ஜெபம் சொல்கிறார்கள். நாம் சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடுகிறோம், பசியின் அவசரத்தில் அது அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

அதே புத்தகத்தின் 26ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. முதற்பலனைக் கொண்டுவருகிறவன் கூடையோடு ஆசாரியனுக்கு முன்னே வந்து நிற்கிறான். அவன் அங்கே விளைச்சலின் அளவைச் சொல்வதில்லை, கதை சொல்கிறான். என் தகப்பன் நாடோடியாய், அழிவின் விளிம்பில் இருந்தவன், கொஞ்சம் பேராய் எகிப்துக்குப் போனோம், எங்களை ஒடுக்கினார்கள், கூப்பிட்டோம், அவர் கேட்டார் என்று நீளும் அந்தக் கதையின் கடைசி வரியில்தான் தானியம் வருகிறது. கூடையை வைத்தபின் அவன் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு: தன்னிடத்திலிருக்கும் லேவியனோடும் பரதேசியோடும் சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும். நிலமில்லாத இந்த இருவரும் இல்லாமல் அந்த நன்றி முடிவதில்லை. நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆலயங்களில் அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரும் பூசணியும் கருப்பட்டியும் வந்து குவிவதும், ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது ஒரு முட்டை கடைவிலையைப்போல் பல மடங்குக்குப் போவதும் இந்தக் கூடையின் வழிவந்தவைதாம். ஏலத்தில் யார் எடுத்தார்கள் என்ற பெருமை புகுந்துவிடும்போது பரதேசிதான் விடுபட்டுப்போகிறான்.

என் அம்மாவின் அடுப்படியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்கலயம் இருந்தது. உலைக்கு அரிசி அளந்தவுடன், களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். உதடு அசையும், என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. வாரக் கடைசியில் அந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். மழை பொய்த்த ஓர் ஆண்டில், அவள் ஒரு பிடியைக் கலயத்தில் போட்டு, சற்று நின்று, பாதியைத் திரும்ப எடுத்து உலையில் போட்டு, பிறகு அதையும் எடுத்துக் கலயத்திலேயே போட்டதைக் கதவோரம் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் அவள் மனத்தில் நன்றி பொங்கியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கவலைதான் இருந்திருக்கும். ஆனால் மனம் கவலைப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் கை மறக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக்கே உரிய பழக்கம் அல்ல, கிறிஸ்தவர்களுக்கே உரியதும் அல்ல. காஞ்சி மடத்தின் பிடியரிசித் திட்டத்தை அறிந்தவர்கள் பலர். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912இல் தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரான அசரியாவின் பகுதியில், கூலிவேலை செய்த தெலுங்குப் பெண்களும் இப்படி அரிசி எடுத்துவைத்தார்கள். மிசோரத்தின் பிரஸ்பிட்டேரியன் சபையில் 1910இல் தொடங்கிய ‘புஃபாய் தாம்’ என்ற பிடியரிசிக் காணிக்கை இன்றளவும் நடக்கிறது; வீட்டுக்கு வீடு சேர்ந்ததைப் பெண்கள் திரட்டி விற்று ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். அது தொடங்கிய மறு ஆண்டே, மூங்கில் பூத்து எலிகள் பெருகிப் பயிரை அழித்த மௌதாம் பஞ்சம் அந்த மலைகளில் வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கிறேன். தட்டில் விழுந்தபின் மிஞ்சுவதை யாரும் கொடுத்துவிடலாம். பிடியரிசி உலைக்கு முன்பே பிரிகிறது. இந்த அரிசி முழுவதும் என்னுடையதல்ல என்பதைச் சமைக்கிறவளுக்கு நாள்தோறும் அது சொல்லிவிடுகிறது.

உங்கள் கணவரின் வேலையைப் பற்றி ஆறுதலாக ஏதேனும் எழுத வேண்டும் என்று இரண்டு நாள் யோசித்தேன். அவருக்கு இதைவிட நல்ல வேலை வரும் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. வருடப் பிறப்பில், அந்த ஆண்டுக்கான வாக்குறுதி என்று எடுக்கும் வேதவசன அட்டையைக் காட்டி அப்படிச் சொல்லுகிறவர்களை நான் நம்புவதுமில்லை. நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு வீட்டின் நெற்றியில் ‘எபெனேசர்’ என்று எழுதியிருக்கும். “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்” என்று சாமுவேல் நாட்டிய கல்லின் பெயர் அது. ஆனால் சாமுவேலின் முதலாம் புத்தகத்தில் அந்தப் பெயர் முதன்முதலில் வருவது நான்காம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் பாளயமிறங்கித் தோற்று, முப்பதினாயிரம் காலாட்கள் விழுந்து, உடன்படிக்கைப் பெட்டியையும் பறிகொடுத்த இடத்தில். தோற்ற இடத்தின் பெயரையே பின்னாளில் ஜெயித்த கல்லுக்கும் வைத்தார்கள். ‘இம்மட்டும்’ என்ற சொல்லில் நாளையைப் பற்றி எந்த உறுதியும் இல்லை, நேற்றைய தோல்வி மறைக்கப்படவும் இல்லை. உங்கள் நோட்டில் வேலை போன நாளையும் எழுதிவையுங்கள். மோசே கற்றுக்கொடுத்த கதையில் எகிப்து இருக்கிறது அல்லவா?

இனி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்திய இடம் அதுதான். ‘உணவு’ என்று நோட்டில் எழுதிய இரவுகளில், அந்த மாவையும் அதைக் கொடுத்தனுப்பிய அக்காவையும் எழுதினீர்களா? ‘உணவு’ என்று எழுதும்போது எல்லா நாளும் ஒன்றாகிவிடுகிறது. இன்ன கிழமையில், இன்ன தூக்கில், இன்னார் கொடுத்த மாவு என்று எழுதினால் எந்த இரண்டு நாளும் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. அவர்கள் நம் மார்க்கத்தார் அல்ல என்பதைத் தடையாகச் சொல்லுகிறீர்கள். இயேசு சுத்தமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் திரும்பி வந்து நன்றி சொன்னவன், யூதர்கள் அந்நியனாக எண்ணிய சமாரியன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட, சுவிசேஷம் எழுதிய லூக்காவுக்கு மனம் வரவில்லை. சங்கத்தில் உங்கள் முறை வரும்போது மாவைப் பற்றியே சொல்லுங்கள். அந்த அக்காவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தன் பேர் வேண்டாம் என்றால் பேரில்லாமல் சொல்லுங்கள். கேட்பதற்காகவேனும் அவர்கள் வீட்டுப் படியேறி உட்கார்ந்து பேசுவீர்கள்.

இன்னொன்று. தூக்குச்சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் சட்டியாகக் கொடுக்கக் கூடாது என்பது நம் பாட்டிமார் எல்லாரும் சொன்னதுதானே. இருக்கிற அரிசியில் ஒரு பிடி போட்டுக் கொடுங்கள். அன்றைக்கு அதுவும் இல்லையென்றால், முற்றத்துக் கறிவேப்பிலையில் இரண்டு கொத்து போதும்.