நாட்டு மரத்தோப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

திருகோணமலைக் கரையோர நிலாவெளியில் அரை ஏக்கர் மணல் காணி வாங்கியிருக்கிறேன் ஐயா. நாட்டு மரங்களை வைத்து, இயற்கைக் காடுபோல நீண்டகாலம் நிலைக்கும் நிரந்தர வேளாண்மை செய்ய ஆசை. முதலில் எதை நடலாம்?

தம்பி, முதலில் ஒன்றும் நடாதீர்கள். ஒரு கச்சானும் (வறண்ட தென்மேற்குக் காற்றுக் காலம்) ஒரு வாடையும் (வடகிழக்குக் காற்றுக் காலம்) காணியில் நின்று பாருங்கள். காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கிறது, மழைத்தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தடி ஊன்றி அடையாளம் வையுங்கள். அப்புறம் கடல் பக்கமாகப் பூவரசு, புன்னை, புங்கு. உப்புக்காற்றைத் தாங்கும் மரங்கள் இவை. அவை எழும்பினால் அந்த மறைவில் மா, தேசி, முருங்கை எல்லாம் வரும். தானாக முளைத்த வடலியை (இளம் பனையை) வெட்ட வேண்டாம்.

கன்றுக்குத் தண்ணீர் விட மண் முட்டி (சிறு பானை) புதையுங்கள். கன்றிலிருந்து ஒரு சாண் தள்ளி, வாய் மட்டும் வெளியே தெரிய வேண்டும். நிரப்பிச் சிரட்டையால் மூடிவிட்டால் தண்ணீர் மெல்லக் கசியும். ஓகஸ்ட் வெயிலிலும் முட்டியைச் சுற்றிக் கையை விட்டால் மணல் குளிர்ந்திருக்கும். பழைய முட்டி ஒன்றைத் தோண்டி எடுத்தபோது வேர்கள் அதை வலை போலப் பின்னியிருந்தன.

கிணற்றில் மோட்டர் வைத்து மணிக்கணக்காக இறைக்காதீர்கள். கரையோர மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல்தான் நிற்கிறது. அளவுக்கு மீறி இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும். என் கிணறு அப்படிக் கெட்டு, இரண்டு மாரி கழித்துத்தான் வாயில் வைக்க முடிந்தது.

மூதூரிலிருந்து: கன்று எப்போது நடுவது?

ஐப்பசியில் மண் நன்றாக நனைந்த பிறகு. மாரி முழுவதும் வேர் ஓட நேரம் கிடைக்கும்.

வேப்பம் விதை சேர்த்து வைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. பாலை மர விதையும் அப்படியா?

வேப்பம் விதையைச் சேர்த்து வைக்கக்கூடாது தங்கச்சி. சில கிழமைகளில் முளைக்கும் சக்தி போய்விடும். பழம் விழுந்ததும் சதையைக் கழுவி உடனே பையில் போடுங்கள், மாரிக்குக் கன்று தயாராகிவிடும். பாலை முளைத்தாலும் வளர்த்தி மெதுவானது. என்னுடையது ஐந்து வருடத்தில் இடுப்பளவுதான். வேம்பு நிழலில் நட்டுப் பொறுத்திருங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: வேலிக்குக் கிளிசிரியா (சீமைக்கிளுவை) நடலாமா?

நடலாம். தடி ஊன்றினாலே பிடிக்கும், காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும், குழையை வெட்டி மூடாக்காகப் போடலாம். ஆனால் இப்பிலிப்பில் (சூபாபுல்) மரத்தைக் கொண்டுவராதீர்கள். விதை சிந்திக் காணியையே பிடித்துவிடும்.

சம்பூரிலிருந்து: நாட்டு மரம் என்று சொல்லிவிட்டு கிளிசிரியா என்ற மத்திய அமெரிக்க மரத்தை நடச் சொல்கிறீர்களே?

கேட்டது சரிதான். மிளகாயும் மரவள்ளியும் பப்பாசியும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவைதான், அவற்றை நாம் விலக்கவில்லை. கிளிசிரியாவை நான் கூலியாள் மாதிரித்தான் வைத்திருக்கிறேன். பாலையும் முதிரையும் தலை தூக்கும்வரை குழை தரட்டும்.

மீண்டும் தம்பலகாமம்: அந்த வேலையை முள்முருக்கு செய்யாதா? எங்கள் அப்பா வேலிக்கு அதைத்தான் நட்டார்.

செய்யும். அதுவும் தடியில் பிடிக்கும், நைதரசனும் சேர்க்கும், ஆடும் விரும்பித் தின்னும். நம் மண்ணின் மரமும்கூட. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். முள்முருக்குத் தடி கிடைக்கும் ஆட்கள் அதையே ஊன்றுங்கள், கிடைக்காதவர்களுக்குக் கிளிசிரியா.

கந்தளாயிலிருந்து: யானை வருகிறது, என்ன நடுவது?

வாழையும் தென்னையும் எல்லையோரம் வேண்டாம். மற்றதை வனசீவராசிகள் அலுவலகத்தில் கேளுங்கள், யானை விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை.

கிண்ணியாவிலிருந்து: கன்று எந்த மாதம் நடலாம்?

மேலே மூதூருக்குச் சொன்னதை வாசியுங்கள். ஐப்பசி.

உப்புவெளியிலிருந்து: சித்திரையில் நட்டு நிறையத் தண்ணீர் ஊற்றினால்?

ஊற்ற வேண்டாம், நடவும் வேண்டாம். கச்சான் தொடங்கப் போகிறது. உங்கள் கிணறும் கடலுக்குப் பக்கம்தானே? அந்த மாதங்களில் குழை, சருகு, பொச்சுமட்டை சேர்த்து மண்ணை மூடி வையுங்கள்.