மேகம் மூடிய மெராபி

கேள்வி: எரிமலை பொங்கப் போவதைச் செயற்கைக்கோள் முன்பே காட்டிக்கொடுக்குமாமே, பிறகும் ஏன் இத்தனை பேர் சாகிறார்கள்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு அம்மா. கல்லூரியில் நிலவியல் நடத்திய காலத்தில் மாணவர்கள் இதையே கேட்பார்கள். நான் மெராபியின் கதையைச் சொல்வேன்.

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில், யோக்யகர்த்தா நகருக்கு வடக்கே நிற்கும் எரிமலை அது. 2010 அக்டோபர் 26 அன்று வெடித்தது. மலையின் காவலராக ஊரார் மதித்த முதியவர் ம்பா மரிஜான், இறங்கி வர மறுத்து அன்றே மாண்டார். பிறகு மேகமும் புகையும் உச்சியை மூடிக்கொண்டன. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

செயற்கைக்கோளில் இருந்த ராடாருக்குத் தெரிந்தது. அதன் அலை மேகத்தைத் துளைத்துப் போய்த் தரையில் பட்டுத் திரும்பும். இரவும் பகலும் அதற்கு ஒன்றுதான். இரவு கரைத்து வைத்த மாவு காலையில் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பாத்திரத்தைப் பார்ப்போமே, அப்படித்தான் ஜெர்மனியின் டெர்ராசார்-எக்ஸ், கனடாவின் ராடார்சாட்-2 ஆகிய செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை ஆய்வாளர்கள் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார்கள். உச்சிப் பள்ளத்தில் எரிகுழம்பு குன்றாகக் குவிந்துகொண்டிருந்தது. நவம்பர் 4 அன்று அது வளர்ந்த வேகம் நொடிக்கு சுமார் 25 கன மீட்டர். நொடிக்கு இரண்டு தண்ணீர் லாரி!

தரையில் இருந்த நில அதிர்வுக் கருவிகளும் அதே அபாயத்தைச் சொல்லின. இந்தோனேசிய எரிமலைத் துறையின் தலைவர் சுரோனோ, வெளியேற்ற எல்லையை 10 கிலோமீட்டரிலிருந்து 15 ஆகவும், பிறகு 20 ஆகவும் நீட்டினார். நவம்பர் 5, நள்ளிரவு தாண்டியதும் மலை பிளந்தது. உள்ளூரில் 'சடை ஆடு' என்று சொல்லும் சாம்பல்மேகம், கெண்டோல் ஆற்று வழியே 15 கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்தது. அந்த ஆண்டு 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லையை நீட்டியதால் பிழைத்தவர்கள் 10,000 முதல் 20,000 வரை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார் என்ற இந்திய-அமெரிக்க ராடார் செயற்கைக்கோள், 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் வரும். அதன் நீள அலை அடர்ந்த காட்டையும் ஊடுருவும் என்பதால், மரம் மூடிய மலைச்சரிவுகளுக்கு அதை நான் பெரிதும் நம்புகிறேன். ஆனால் 12 நாள் இடைவெளியில் ஒரு மலை எவ்வளவோ செய்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. மெராபியில் முகாமுக்குப் போனவர்களில் பலர், கட்டியிருந்த மாட்டுக்குத் தீனி வைக்க ஊருக்குத் திரும்பி ஏறினார்கள். அந்த மாடுகளை அரசே விலைக்கு வாங்கிக்கொள்ளும் என்று அப்போது அறிவிக்க வேண்டியிருந்தது.